ஒரே ஒரு வளைவு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். வீடியோ கேம் செய்யக் கற்க வேண்டும் என்கிற உன் மகள் கயலை, பெருந்தொகை கேட்கும் அந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். என் அக்கா மகன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து ஓட்டும் விளையாட்டைச் செய்யக் கிளம்பினான் அவன். மூடுபனி, காப்பித் தோட்டம், எதிரே வரும் லாரி என்று படம் வரைவதிலும் பேருந்துக்கு வண்ணம் தீட்டுவதிலுமே இரண்டு மாதம் போயிற்று. ஒரு வளைவில்கூட வண்டி திரும்பவில்லை. மனம் விட்டுப்போய்க் கணினியை மூடிவிட்டான். ஒரே ஒரு வளைவு போதும், பேருந்துக்குப் பதில் சிவப்புக் கட்டம் போதும் என்று நான்தான் அவனை மீண்டும் உட்கார வைத்தேன். 1972இல் அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளருக்குப் பயிற்சியாகத் தரப்பட்ட வேலைதானே 'பாங்' விளையாட்டு? இரண்டு மட்டை, ஒரு பந்து, அவ்வளவுதான்.

பத்து நாளில் கட்டம் திரும்பிற்று. ஆனால் என் பழைய கணினியில் ஊர்ந்த கட்டம், அவன் நண்பனின் புதுக் கணினியில் பாதையைத் தாண்டிப் பாய்ந்தது! ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், 5 பிக்சல் (திரைப் புள்ளி) நகரும்படி எழுதியிருந்தான்; நொடிக்கு 30 ஃபிரேம் வரும் இடத்தில் அது 150 பிக்சல், 60 வரும் இடத்தில் 300. இரண்டு ஃபிரேமுக்கு இடையே கழிந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கியதும் சரியாயிற்று. கணக்கு வாத்தியார் உன் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த அதே 'வேகம் பெருக்கல் நேரம்' தான், சண்முகம்.

பிறகு பாட்டியிடம் விளையாடக் கொடுத்தான். குறுக்கே பேசாதே என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று முறையும் அவர் ஒரே இடத்தில் பள்ளத்தில் விழுந்தார். அன்றிரவே அந்த இடத்தில் பாதையை அகலமாக்கினான். அவன் மெய்யாகவே கற்றது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

'கோடோ' (Godot) என்ற, விளையாட்டு செய்ய உதவும் மென்பொருளை இறக்கிக் கொடு. அது இலவசம்; அதில் செய்த விளையாட்டை விற்றாலும் பங்கு கேட்கமாட்டார்கள். முதலில் பந்தும் மட்டையும் மட்டும் செய்யட்டும். மதிப்பெண், தோற்றால் மறுபடி தொடங்கும் பொத்தான் வரை முழுதாக முடிக்கட்டும். அதை முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் வகுப்பைப் பற்றிப் பேசுவோம்.

தை பிறந்ததும் அவளை அழைத்துக்கொண்டு வா. அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று குறித்துக்கொள்ள இவன் நோட்டும் பேனாவுமாகக் காத்திருக்கிறான்.

அன்புடன்,
குமரேசன்