கொல்லிமலைக்கு வராத வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மலைக் கிராமக் குப்பை பற்றிய கட்டுரையில், ‘மக்களிடம் விழிப்புணர்வு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்’ என்று ஒரு வரி. ஆகாய கங்கை அருவிப் படம் மட்டும் அருமை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர், எந்த வண்டியிலாவது குப்பை மூட்டை கீழே இறங்குகிறதா என்று பார்த்திருக்கலாம்.

தாங்கள் அறியாததல்ல, மலை வீடுகளில் சோறும் காய்த்தோலும் பலாச்சக்கையும் குப்பையாவதே இல்லை. மாடும் ஆடும் கோழியும் தின்றது போக மிச்சம் எருக்குழிக்குப் போய்விடும். அந்த வீடுகளுக்குத்தான் பச்சையில் ஒன்று நீலத்தில் ஒன்று என்று கூடை கொடுத்துப் பிரிக்கச் சொல்லித் தந்தார்கள். மிளகு அள்ளிவைக்க வசதியாக இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. குப்பை அள்ள மூன்று சக்கர மிதிவண்டியும் தந்தார்கள். ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது. இறக்கத்தில் சுமையோடு பிரேக் பிடிக்காது.

உரக்குழி கதை தனி. சமவெளிக்குப் போட்ட வரைபடத்தை வைத்து மண்ணில் 3 அடி தோண்டினார்கள். ஐப்பசி மழையில் அது கிணறானது. காற்றுப் போகாமல் அழுகி, நாறி, புழு வைத்தது. மழை மலையில் குழி தரைக்கு மேல்தான் இருக்க வேண்டும்: நான்கடிக்கு மூன்றடி, உயரம் மூன்றடி, காற்றுப் போகச் செங்கல்லுக்கிடையே சந்து விட்டு. அடியில் சுள்ளி, மேலே தகரம். ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு, ஒரு செம்பு சாணிக் கரைசல். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு போட வேண்டும். குளிரில் மக்க மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இது தேவை. ஆனால் மலையின் குப்பைப் பிரச்சினை இதுவல்ல.

பிரச்சினை ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, குழந்தைகளின் டயப்பர். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய உறையைப் பழைய இரும்புக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்குவதில்லை. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இங்கே சரக்கு வண்டி ஏறுகிறது, பொறுப்பு ஏறவில்லை. கட்டுரையாளரோ காகிதக் குவளைக்கு மாறச் சொல்கிறார். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் ஒன்று. உங்கள் இதழும் தபாலில் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வருகிறது. அந்த உறைகள் இங்கேதான் இருக்கின்றன, வேறெங்கும் போகவில்லை.

இந்த உறைகளைச் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாம். அரியலூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் சரக்கு காய்ந்திருக்க வேண்டும், மண் கூடாது, பி.வி.சி. கலக்கக் கூடாது. எங்கள் பக்கம் சேகரிப்பு இடம் நான்கு சுவர், கூரை கிடையாது. ஒரு மழையில் நனைந்தால் பொறுக்கிய உழைப்பெல்லாம் வீண். காய்ந்தாலும் இன்னொரு தொல்லை. அரிசிச் சாக்கில் மிதித்து அடைத்தாலும் நாலைந்து கிலோதான் பிடிக்கும். ஒரு சிறிய சரக்கு வண்டியில் 50 சாக்கு ஏற்றினால் 200, 250 கிலோ. டீசல் செலவு காற்றைச் சுமக்கத்தான். கையால் இயக்கும் அழுத்துப்பெட்டி இருந்தால் ஏழெட்டுச் சாக்கை ஒரே கட்டாக்கலாம், அதே வண்டியில் மூன்று பங்கு போகும்.

இதற்குப் பதிலாக நன்கொடையாக வந்தது குப்பை எரிக்கும் ஓர் எரிகலன். நச்சுப் புகையை அழிக்க 850 டிகிரி வேண்டும். ஈர டயப்பரைப் போட்ட தகர டிரம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. புகை தூய்மைக் காவலர் மூக்குக்கு, சாம்பல் மழையோடு ஊற்றுத் தண்ணீருக்கு. திறப்பு விழாப் படத்தைத் தாங்களே வெளியிட்டிருந்தீர்கள்.

நீலகிரியில் 2022 மே மாதம் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தந்தார்கள். நீதிமன்றம் சொன்ன பிறகு பாட்டில் தானாகக் கடைக்குத் திரும்பியது. அங்கே குடிமகன்களுக்கு யார் விழிப்புணர்வு வகுப்பு எடுத்தார்கள் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொன்னால் நன்றி. வல்வில் ஓரி விழாவுக்கு ஆடி மாதம் ஏறி வரும் கூட்டம் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டிலுக்கும் அதே பத்து ரூபாயை மலையடிவாரத்துக் காரவள்ளியில் வாங்கி வைத்தால் என்ன?

சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள். கேட்பது பெரிதல்ல: சேகரிப்பு இடத்துக்குத் தகரக் கூரை, ஓர் அழுத்துப்பெட்டி, மாதம் ஒரு முறை இறங்கும் வண்டி. மூன்றும் ஒன்றாக முடியாதென்றால் ஐப்பசிக்குள் கூரையாவது போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.