214-ஆம் எண் பிரதியில் 16 பக்கங்கள் இல்லை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

ஐயா,

வணக்கம். நான்கு மாதமாகத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். நாகஸ்வரக் கலைஞர்களின் படங்களைத் தொகுத்து நீங்கள் போட்ட பெரிய பதிப்புப் புத்தகத்தில் எனக்கு வந்தது 214-ஆம் எண் பிரதி. 81 முதல் 96 வரையுள்ள பாரத்தை, அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கும் 16 பக்கத் தொகுப்பை, அதில் இரண்டு முறை வைத்துத் தைத்திருக்கிறீர்கள். 97 முதல் 112 வரை இல்லவே இல்லை. அந்தப் பக்கங்களில் யார் இருக்கிறார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் முழுவதும் அங்கேதான்.

விலை 12,500 ரூபாய். தனியாளாக வாங்க எனக்கு வக்கில்லை. எங்கள் மேளத்தில் ஐந்து பேர். தலைக்கு 2,500 போட்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையோர ஊர்களில் யார் கையிலும் காசு புழங்காது. ஆவணியிலும் தையிலும் வாசித்த பணத்தில் மிச்சம் பிடித்தது அது.

பெட்டியைப் பிரித்த அன்று, தவில்காரரான என் மைத்துனர் விரலில் இருந்த கூடுகளைக் கழற்றிவைத்து, கை கழுவி, வேட்டியில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் தொட்டார். 96-க்குப் பிறகு மறுபடியும் 81 வந்தது. தாள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நினைத்து, நகத்தால் ஓரத்தை நெருடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார் மனிதர். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மதுரைக் கிளைக்கு நேரில் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னது உங்கள் ஊழியர்தான். ஒரு காதுகுத்து வாசிப்பை விட்டுவிட்டு, அந்தக் கனத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை என்று பஸ் மாறிப் போனேன். அங்கே இருந்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. 300 பிரதிதான் அச்சிட்டோம், எண் போட்ட பிரதிக்கு மாற்று கிடையாது என்றார். பிறகு சொன்னார்: “இது சேகரிப்பாளர்கள் வாங்குகிற புத்தகம். மேளம் வாசிக்கிறவருக்கு எதற்கு? ராமநாதபுரம் பக்கம் இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?”

எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியுமா? கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் எங்கள் ராமநாதபுரத்துக்காரர். நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டு சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக நின்று வாசிப்பவனுக்கு நாகஸ்வரப் புத்தகம் எதற்கு என்றா கேட்பது? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கொண்டுவந்த நீளமான பாரி நாகஸ்வரம்தான் என் கையிலும் இருக்கிறது. அவருடைய சீடர் காருகுறிச்சியார். 1962-இல் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் இழைந்து வந்த ‘சிங்கார வேலனே தேவா’ என்ற அந்த ஒரு பாட்டை எங்கள் பக்கத்தில் கேட்காத கல்யாண வீடு கிடையாது. 1964-இல் போய்விட்டார். துளைகளில் அவர் விரல் எப்படி உட்கார்ந்தது என்பதை இனிப் படத்தில்தான் பார்க்க முடியும். அதை என் மகனுக்குக் காட்டத்தான் வாங்கினோம். அந்த 16 பக்கங்களோடு அவன் படிப்பே நின்றுபோயிற்று. எங்கள் ஐந்து பேரின் ஒரு வருட உழைப்பும் மண்ணாய்ப் போயிற்று.

உரிய மரியாதையோடுதான் கேட்கிறேன். எண் போடாத பிரதி தந்தாலும் எங்களுக்குச் சம்மதம். விடுபட்ட பாரத்தை மட்டும் அனுப்பினால்கூடப் போதும், இங்கே தைத்துக்கொள்கிறோம். முடியாதென்றால் 12,500 ரூபாயையும், மதுரைப் பயணச் செலவையும், விட்டுப்போன வாசிப்புக் கூலியையும் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். அந்த மதுரை ஊழியரின் பேச்சையும் அப்படியே எழுதிக் கொடுப்பேன்.

இன்னொன்று. பட்டுத்துணி உறை, மரப்பெட்டி, வெள்ளைக் கையுறை எல்லாம் யாருக்காக ஐயா? வாசிப்பவர்களின் படங்களை வாங்கிப் போட்டுவிட்டு, வாசிப்பவன் தொட முடியாத விலை வைத்திருக்கிறீர்கள். அதே படங்களைச் சாதாரணத் தாளில், 500, 600 ரூபாய்க்கு ஒரு மலிவுப் பதிப்பாகப் போடுங்கள். மாவட்ட இசைப் பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் படிக்கிற பிள்ளைகள் வாங்குவார்கள். எங்கள் மேளத்திலேயே ஆளுக்கொன்று வாங்குவோம். சேகரிப்பவர்கள் பெட்டியை வைத்துக்கொள்ளட்டும்.

ரசீது நகலும், 96-ஆம் பக்கத்துக்கு எதிரே 81 இருக்கும் படமும் இத்துடன் இருக்கின்றன. மாற்றுப் பிரதி அனுப்பினால் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி அனுப்புங்கள். வீடு கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு உங்கள் வழவழப்புத் தாள் தாங்காது.

இப்படிக்கு,
நாகஸ்வரக் கலைஞர்,
தேவிபட்டினம்