டெக்ஸ்டருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'டெக்ஸ்டர்' தொடரைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். டெக்ஸ்டராக வரும் மைக்கேல் சி. ஹாலின் நடிப்பைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நானும் மகனோடு உட்கார்ந்து எட்டு சீசன்களையும், 96 எபிசோடுகளையும் பார்த்து முடித்தவன்தான். ஆனால் சட்டத்திடம் தப்பியவர்கள் டெக்ஸ்டரிடம் தப்புவதில்லை, அதனால்தான் அவனை நமக்குப் பிடிக்கிறது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. 26 வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மயாமி நகரம். டெக்ஸ்டர் மோர்கன் அங்கே போலீஸில் ரத்தத் தெறிப்பு நிபுணர், அதாவது ரத்தம் தெறித்திருக்கும் விதத்தை வைத்துக் கொலை எப்படி நடந்தது என்று சொல்கிறவன். மூன்று வயதில் தாய் தன் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்படுவதைப் பார்த்தவன். ஹாரி என்ற போலீஸ்காரர் அவனை எடுத்து வளர்க்கிறார். பையனுக்குக் கொலைவெறி இருப்பது தெரிந்ததும் அவனுக்கு ஒரு விதி வகுத்துக் கொடுக்கிறார். மாட்டிக்கொள்ளாதே, கொலைகாரன் என்று உறுதியானவனை மட்டுமே கொல். பகலில் ஆய்வகம். இரவில் பிளாஸ்டிக் விரித்த அறையில் மேஜையில் கட்டிவைத்துக் கொலை, அப்புறம் படகில் கொண்டுபோய் உடலைக் கடலில் போடுவது. ஜெஃப் லின்ட்சேயின் நாவலை வைத்து 2006 அக்டோபரில் தொடங்கி 2013 செப்டம்பர் வரை ஷோடைம் சேனலில் ஓடியது.

அவனை நமக்குப் பிடிக்க வைப்பதில் தொடர்காரர்கள் கெட்டிக்காரர்கள். டைட்டிலையே பாருங்கள். கையில் ஒரு கொசு வந்து உட்காருகிறது. ஒரு அடி. ஷேவ் செய்யும்போது சின்ன வெட்டு, வாஷ்பேசினில் ஒரு சொட்டு ரத்தம். முட்டை பொரிகிறது, ரத்தச் சிவப்பான ஆரஞ்சைப் பிழிகிறான், ஷூ லேஸை இரண்டு கையிலும் சுற்றி இறுக்குகிறான். நாம் தினமும் காலையில் செய்கிற வேலைகள்தான். எல்லாவற்றையும் மிக அருகில் காட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கொலைகாரனின் காலையும் நம் காலையும் ஒன்றாகிவிடுகிறது. ஆபீசுக்கு டோனட் பெட்டி வாங்கிப் போகிறான், காதலியின் பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறான். மனசில் உள்ளதை வேறு யாரிடமும் சொல்லாமல் நம்மிடம் மட்டும் சொல்கிறான். ரகசியம் சொல்கிறவன் மேல் பாசம் வரத்தானே செய்யும்?

அந்தப் பாசம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இரண்டாவது சீசன் முடிவில் பார்த்தேன். டோக்ஸ் என்ற போலீஸ் அதிகாரி ஒருவருக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே டெக்ஸ்டர் மேல் சந்தேகம். முரட்டு மனிதர், ஆனால் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். டெக்ஸ்டர் அவரைச் சதுப்பு நிலக் காட்டுக்குள் ஒரு குடிலில் கம்பிக்கூண்டில் அடைத்துவைக்கிறான். கடைசியில் வேறொருத்தி வந்து அந்தக் குடிலையே வெடிக்கச் செய்ய, டோக்ஸ் சாகிறார். என் மகன் "அப்பாடா, தப்பிச்சான்" என்றான். அவனை நான் கண்டிக்கவில்லை. ஏனென்றால் அதே நொடியில் நானும் நிம்மதியாக மூச்சு விட்டிருந்தேன். அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்தத் தொடரைப் பார்த்துக் கொலைகாரர்கள் உருவாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2008-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் டெக்ஸ்டர் பித்துப் பிடித்த ஒருவன் நிஜமாகவே ஒரு கொலை செய்து, 2011-ல் தண்டனை பெற்றான். அது ஒரு கோணல் புத்தி, அவ்வளவுதான். என் கவலை நம்மைப் பற்றியது. செய்தியில் ஒரு கொலை வந்த உடனே "இவனுக்கெல்லாம் எதுக்கு விசாரணை, டெக்ஸ்டர் மாதிரி ஒருத்தன் வேணும்" என்று படித்த பிள்ளைகள் பேசுகிறார்கள். என் வீட்டுக் கூடத்திலேயே கேட்டேன்.

இவன்தான் கொலைகாரன் என்று டெக்ஸ்டருக்கு எப்படித் தெரிகிறது? முதல் எபிசோடிலேயே பாடகர் குழுத் தலைவன் ஒருவனைப் பிடிக்கிறான். அவன் கொன்று புதைத்த சிறுவர்களின் உடல்களை முன்பே தோண்டி எடுத்து வைத்திருக்கிறான், அவன் கண் முன்னால் காட்டுகிறான், அவனும் ஒப்புக்கொள்கிறான். நமக்குத் துளி சந்தேகம் மிச்சமில்லை. கதை எழுதுகிறவர் நமக்குக் கொடுக்கிற வசதி அது. 26 வருடத்தில் அப்படி ஒரு நாளை நான் கோர்ட்டில் பார்த்ததில்லை.

அந்த ரத்தத் தெறிப்புக் கலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்டர் சிவப்பு நூல்களைக் கட்டி, சுவரைப் பார்த்து, கொன்றவன் எங்கே நின்றான், எப்படி ஓங்கினான் என்று கதை போலச் சொல்லிவிடுகிறான். ஆனால் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2009-ல், அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் அறிக்கை இந்தத் துறையில் உள்ள நிச்சயமின்மை மிகப் பெரிது என்று சொன்னது. டெக்சாஸில் 1985-ல் மனைவியைக் கொன்றதாக ஒரு பள்ளித் தலைமையாசிரியரைப் பிடித்தார்கள். டார்ச் லைட்டில் இருந்த சிறு புள்ளிகளை வைத்து, தெறிப்பு நிபுணராக வந்த போலீஸ்காரர் சாட்சி சொன்னார். அவர் அதற்காகப் பெற்றிருந்த பயிற்சி ஒரே வாரம், 40 மணி நேரம். அந்த சாட்சியத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மாநிலத்தின் தடய அறிவியல் ஆணையம் 2018-ல் சொன்னது, தான் சொன்னது தவறு என்று அந்த நிபுணரும் ஒப்புக்கொண்டார். தலைமையாசிரியர் 2020-ல் பரோலில் வெளியே வரும்போது வயது 79.

மயாமி இருக்கிற ஃபுளோரிடாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு நிரபராதி என்று வெளியே வந்தவர்கள் 30 பேர். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை பேர் இல்லை. அவர்களில் ஒருவர் 17 வருடத்துக்கும் மேல் மரண தண்டனைக் கைதியாக இருந்துவிட்டு 2002 ஜனவரியில் வெளியே வந்தார். உண்மையான கொலையாளி ஒப்புக்கொண்டு பேசிய பேச்சின் எழுத்துப் பிரதி, அவருடைய பழைய வக்கீலின் கோப்பிலேயே கிடந்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் வழக்கில் போலீஸ், ஜூரி, நீதிபதி, அப்பீல் எல்லாம் இருந்தது. டெக்ஸ்டரின் மேஜையில் படுத்திருப்பவனுக்கு வக்கீலும் கிடையாது, அப்பீலும் கிடையாது.

தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நான்காவது சீசனில் டெக்ஸ்டர் ஒரு புகைப்படக் கலைஞரைக் கொல்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, கொலைகளைச் செய்தது அவருடைய உதவியாளர். டெக்ஸ்டர் வருந்துகிறான், புழுங்குகிறான். பிறகு கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது, நாமும் கூடவே போய்விடுகிறோம். என்னைக் கேட்டால் எட்டு சீசனையும் அந்த எபிசோடோடு நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். அதே சீசனில் வெளியே நல்ல குடும்பஸ்தனாகத் தெரிகிற டிரினிட்டி என்ற கொலையாளியைப் போலீஸில் ஒப்படைக்காமல், கொலையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று அவனிடமே பாடம் கற்க நினைத்துத் தள்ளிப்போடுகிறான். கடைசியில் டிரினிட்டி கையால் டெக்ஸ்டரின் மனைவி ரீட்டா குளியல் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறாள், கைக்குழந்தை தாயின் ரத்தத்தில் உட்கார்ந்து அழுகிறது. நேர்மையாக எழுதப்பட்ட இடம் அது. ஆனால் 2021-ல் தொடங்கிய தொடர்ச்சியின் முடிவில் மகன் கையாலேயே சுடப்பட்ட டெக்ஸ்டரை 2025-ல் மறுபடி எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நடந்தது. கண்ணால் கண்ட சாட்சி ஒரு வயதான அம்மா. கூண்டில் நின்றவனைக் கைநீட்டி "இவன்தான் சாமி, நான் பாத்தேன்" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. அந்த நிமிடத்தில் கோர்ட்டில் இருந்த எல்லோரும் நம்பினோம், நானும் நம்பித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக வந்தது. மாலை மங்கின நேரம். தெரு விளக்கு எரியவில்லை. சம்பவம் நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததாக மனதார நம்பினார். வேறு சாட்சியம் நிற்கவில்லை, அவன் விடுதலை ஆனான். அதற்குள் ஒன்றரை வருடம் ரிமாண்டில் இருந்துவிட்டான்.

தீர்ப்பு வாசித்து முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். அவன் மட்டும் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பிறகு மெதுவாக என் மேஜைக்கு வந்து, "ஐயா, நான் எந்த வாசல் வழியா போகணும்?" என்று கேட்டான். அதுவரை அவனைப் போலீஸ் பக்கத்து வாசல் வழியாகத்தான் கூட்டிவந்து கூட்டிப்போனார்கள். நான் எழுந்து முன்வாசல் வரை கூடப் போய் வழி காட்டிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
தஞ்சாவூர்.