கயலுக்கு: அந்தக் குடியரசை நேசித்தவர்கள் இருந்தார்கள்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. போன கடிதத்தில் நீ எழுதியிருந்த ஒரு விஷயம் மனசில் நின்றுவிட்டது. 1918-இல் போரில் தோற்ற ஜெர்மனிக்கு ஜனநாயகம் தேவைப்படவே இல்லை, யாரும் கேட்காமல் வந்தது, யாரும் அழாமல் போனது என்று உன் அறைத்தோழி சொன்னாளாம். உனக்கும் அது சரியென்று படுகிறதாம். பணி ஓய்வுக்குப் பிறகு, வைமர் குடியரசு என்று சொல்கிற அந்த வருஷங்களைப் பற்றித்தான் அதிகம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது சரியில்லை, கண்ணு.

1919 ஜனவரி 19-ஆம் தேதி, அரசியல் சாசனம் எழுதும் அவைக்குத் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் தலைவர்களான ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் படையாட்கள் கொன்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பெர்லினில் துப்பாக்கிச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகை இன்னும் நீங்கவில்லை, ஊரெங்கும் பசி. அப்படியும் வாக்காளர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். பெண்களுக்கு அதுதான் முதல் ஓட்டு. குடியரசை ஏற்றுக்கொண்ட மூன்று கட்சிகளுக்குச் சேர்ந்து நூற்றுக்கு 76 கிடைத்தது. ஆலை வேலையும் தையல் வேலையும் பார்த்து வளர்ந்த மரீ யூகாட்ஸ் பிப்ரவரியில் வைமர் நகரத்தில் கூடிய அந்த அவையில் எழுந்து பேசினார். எங்களுக்குச் சேர வேண்டியதைத்தான் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை என்றார். வேண்டாத ஒன்றைப் பற்றி யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

இன்னும் பெரிய சாட்சி 1920 மார்ச். 13-ஆம் தேதி விடியற்காலை குடியரசை வெறுத்த ஏர்ஹார்ட் படைப்பிரிவு பெர்லினுக்குள் வந்தது. ஹெல்மெட்டில் அப்போதே ஸ்வஸ்திகா போட்டிருந்தார்கள். காப் என்ற அதிகாரி, லூட்விட்ஸ் என்ற தளபதி இருவரும் ஆட்சியைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். ராணுவம் அவர்களை எதிர்த்துச் சுட மறுத்தது. அரசு டிரெஸ்டனுக்கும் பிறகு ஸ்டுட்கார்ட்டுக்கும் தப்பிப் போக வேண்டியதாயிற்று. அப்போது குடியரசைக் காப்பாற்றியது யார்? வேலைநிறுத்தம் செய்த ரயில்காரர்கள், மின்நிலையத் தொழிலாளர்கள், அச்சுக்கோப்பவர்கள். பெர்லினில் விளக்கு எரியவில்லை, டிராம் ஓடவில்லை, பத்திரிகை வரவில்லை. காப்பின் உத்தரவுகளை நிறைவேற்ற அமைச்சக அதிகாரிகளும் மறுத்தார்கள், மத்திய வங்கியான ரீஷ்பேங்க் பணம் தர மறுத்தது. 17-ஆம் தேதி அவர் ஓடிவிட்டார். சம்பளத்தை விட்டு, குளிரையும் இருட்டையும் பொறுத்துக்கொண்டு ஒரு ஆட்சியைத் தாங்கிப் பிடித்தவர்களை ‘யாரும் இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

அப்படியென்றால் ஏன் விழுந்தது என்று கேட்பாய். பணவீக்கத்தைப் பற்றி நீயே எழுதியிருந்தாய், 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் என்று. உண்மைதான், நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பெல்லாம் கரைந்தது. தோற்ற ஜெர்மனி மேல் சுமத்திய வெர்சாய் ஒப்பந்தமும் பெரிய சுமை. ஆனாலும் அந்த நவம்பரைக் குடியரசு தாண்டியது. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கண் போகிற இடம் வேறு.

மன்னர் போனார், அவருடைய நீதிபதிகள் அப்படியே இருந்தார்கள். உன் பாடத்தில் வெள்ளக் கணக்குக்கு கும்பெல் பரவல் என்று ஒன்று வருமே, அந்த எமில் யூலியஸ் கும்பெல்தான் இதையும் கணக்கெடுத்தவர். போர் முடிந்த பிறகான நான்கு ஆண்டுகளில் வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354, இடதுசாரிகள் செய்தவை 22. அந்த 354-இல் 326-க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் பக்கம் பத்துப் பேருக்கு மரண தண்டனை. எத்தனையோ வழக்குக் கட்டுகளைப் புரட்டிய எனக்கு இந்த எண்களைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. காப் கலகத்துக்காகத் தண்டனை பெற்றவர் யாகோ என்ற ஒரே ஒருவர்.

எர்ஸ்பெர்கரை எடுத்துக்கொள். 1918 செப்டம்பர் கடைசியில் உடனே போர் நிறுத்தம் கேளுங்கள் என்று நெருக்கியவர்கள் படைத் தலைவர்களான ஹிண்டன்பர்க்கும் லூடென்டார்ஃபும். ஆனால் பிரான்சில் உள்ள காம்பியேனுக்குப் போய்க் கையெழுத்திட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அரசியல்வாதியான எர்ஸ்பெர்கர். மறு வருஷம் ஹிண்டன்பர்க் விசாரணைக் குழுவின் முன் நின்று, படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். 1921 ஆகஸ்டில் கருங்காட்டில் நடந்துபோன எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். பத்து மாதத்தில் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ். அவருக்காகப் பெர்லின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள், அதையும் உன் தோழியிடம் சொல்.

ஹிட்லர் வழக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். 1923 நவம்பர் மியூனிக் கலகத்தில் நான்கு போலீஸ்காரர்கள் இறந்தார்கள். ராஜத்துரோகத்துக்கு ஐந்து வருஷம் கோட்டைச் சிறை, 1924 டிசம்பரிலேயே விடுதலை. அவர் ஆஸ்திரியக் குடிமகன், சட்டப்படி நாடு கடத்தியிருக்க வேண்டும். இவ்வளவு ஜெர்மானிய உணர்வுள்ளவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று எழுதி வைத்தது நீதிமன்றம். எழுத்தில் தெளிவாக உள்ள சட்டத்தைத் தனக்குப் பிடித்தவனுக்காக வளைக்கிற நீதிபதி, கலகக்காரனைவிட ஆபத்தானவர் என்பது என் எண்ணம்.

அதே டிசம்பரில் மாக்டெபர்க் நீதிமன்றம் ஏபெர்ட்டுக்குச் செய்ததைப் பார். குதிரைச் சேணம் தைத்தவர், குடியரசின் முதல் தலைவர், போரில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன். 1918 ஜனவரி வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக அவர் சட்டப்படி தேசத்துரோகம் செய்தவர் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்த அலைச்சலில் குடல்வால் அழற்சிக்கு வைத்தியம் தள்ளிப்போய், 1925 பிப்ரவரி 28 அன்று 54 வயதில் இறந்தார். அவர் மேல் எனக்கும் குறையுண்டு. பழைய தளபதிகளோடு கைகோத்ததும், பாதுகாப்பு அமைச்சர் நோஸ்கேயின் கூலிப்படைகளைத் தொழிலாளர் மேல் ஏவ விட்டதும் அவர் காலத்தில்தான். ஆனால் அவரைத் துரோகி என்றது அநியாயம். அவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ஹிண்டன்பர்க். 1933-இல் ஹிட்லரை அழைத்துப் பதவி கொடுத்ததும் அவரே.

கும்பெலிடமிருந்து ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1932-இல் கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. உங்கள் பேராசிரியர்கள் வகுப்பில் இதைச் சொல்கிறார்களா? கேட்டு எழுது. அவருடைய கணக்கை ஜெர்மன் மூலத்தில் படிக்க உன்னால் முடியும், என்னால் முடியாது. நூலகத்தில் எடுத்துப் படித்து, உன் தோழியையும் படிக்கச் சொல். அதற்குப் பிறகும் அவள் சொன்னதையே சொன்னால், அவள் காரணங்களை எனக்கு எழுது. பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா