மாலதிக்கு, புல்பார் விஷயமாக

போர்ட் அகஸ்டா, தெற்கு ஆஸ்திரேலியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வீட்டுக் கொல்லையில் முருங்கை வேர்பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அங்க ராத்திரி உறைபனி விழுமாம்லா, குளிர் வரும்போது அடித்தண்டுல சாக்கைச் சுத்தச் சொல்லு" என்றாள். அம்மா ஒருவழியாக முழங்கால் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாள். தை பிறந்ததும் பாளையங்கோட்டையிலேயே செய்வதாக ஏற்பாடு. நான் லீவு சொல்லிவிட்டேன். கயலுக்கு நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதற்குப்பின் நிலவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இந்த ஊர் மலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, படிக்கட்டும்.

இனி நீ கேட்ட விஷயம். டொயோட்டா ப்ராடோ வாங்கியாகிவிட்டது, அண்ணன் வண்டி மூக்கில் மாட்டுகிற பெரிய இரும்புக் காப்புச் சட்டமான புல்பார், புதைந்தால் வடம் சுற்றி இழுக்கும் வின்ச், நாலு லைட், பக்கவாட்டுக் குழாய் என்று பட்டியல் போட்டுவிட்டார், கடைக்காரரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், நீ என்னைக் கேட்கிறாய். வேலைக்காக இந்த வடக்குச் சாலையில் இத்தனை வருஷம் ஓட்டியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புல்பாருக்கு ஒரே வேலைதான்: ஒரு விலங்கு வந்து மோதினால் ரேடியேட்டர் தப்பவேண்டும், வண்டி அடுத்த ஊர்வரை ஓடவேண்டும். அந்த வேலைக்கு உதவாத ஒவ்வொரு கிலோவையும் "நீ எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றவேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து தெற்கே எர்ல்டண்டா பெட்ரோல் பங்க் 200 கிலோமீட்டர். எங்கள் பக்கம் கிளெண்டாம்போவை விட்டால் கூபர் பீடிவரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, தண்ணீர் கிடையாது, பெரும்பாலும் போன் சிக்னலும் கிடையாது. பெரிய சிவப்புக் கங்காரு ஆண் 80 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் பம்பர் அந்த மோதலில் உள்ளே மடங்கும். பின்னாலிருக்கும் ரேடியேட்டர் கிழிந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுக்க ரோட்டில். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாற்பது டிகிரி வெயிலில் பிள்ளைகளோடு நடுவழியில் நிற்பாய். அதற்காகத்தான் இந்த நாட்டில் இதை மாட்டுகிறார்கள். மெல்பர்னில் டோனி பிரவுன் என்பவர் 1975இல் புல்பார் செய்யும் ஏஆர்பி கம்பெனியைத் தொடங்கியதே, வடக்கே பயணம் போனபோது வண்டிகளில் மாட்டியிருந்த சாமான்கள் அந்தப் பாதைகளைத் தாங்காமல் உடைவதைப் பார்த்துத்தான்.

நம் ஊரில் உன் சித்தப்பா சுமோவுக்கு முன்னால் பளபளவென்று ஒரு கம்பி மாட்டியிருப்பாரே, அதையும் இதையும் ஒன்றாக நினைக்காதே. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி அந்தக் கம்பிகளைத் தடுக்கச் சொன்னது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மனிதர்கள் நெருக்கி நடக்கிற தெருவில் அந்தக் கம்பி, நடப்பவரின் இடுப்பையும் சின்னப் பிள்ளையின் தலையையும்தான் உடைக்கும். உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து உண்டு. ஏர்பேக் விரியவேண்டுமா வேண்டாமா என்பதை வண்டியிலுள்ள சென்சார், முன்பக்கம் எவ்வளவு வேகமாக நசுங்கி நிற்கிறது என்பதை வைத்து, கண் இமைப்பதற்குள் முடிவு செய்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் விறைப்பாக ஒரு இரும்பை முடுக்கிவிட்டால் அந்தக் கணக்கே மாறும். விரியவேண்டிய நேரத்தில் தாமதமாகலாம், வேண்டாத சின்ன இடிக்கு விரியலாம்.

அதனால் கடையில் முதல் கேள்வி இதுதான்: "இது இந்த மாடல், இந்த வருஷத்து ப்ராடோவுக்கு ஏர்பேக் பொருத்தம் சோதித்துச் சான்று வாங்கியதா?" நல்ல பார்களைச் சேஸியோடு இணைக்கும் தாங்கிகள், வண்டியின் முன்பக்கம் நசுங்குவது போலவே நசுங்கும்படி செய்யப்பட்டிருக்கும். கூடவே ஏஎஸ் 4876.1 என்கிற ஆஸ்திரேலியத் தரத்தைப் பற்றியும் கேள். 2002இல் வந்தது, சாலையில் நடப்பவர்களின் பாதுகாப்புக்கானது. பார் முன்னோக்கிச் சாயாமல் வண்டியின் வடிவத்தை ஒட்டி இருக்கவேண்டும், முனைகள் உருண்டிருக்கவேண்டும், கூராக எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிலர் மீன்தூண்டில் செருக புல்பாரில் குழாய் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். நீயும் அதே வண்டியில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கப்போகிறாய்.

பழைய பார் மலிவாக வருகிறது என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். வேறு வருஷத்து மாடலுக்குச் செய்ததைத் துளைபோட்டு மாட்டித்தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடு.

அடுத்து, எதில் செய்தது? இரும்பு, அலுமினியம், பாலித்தீன் என்று மூன்று வகை. பாலித்தீன் பார் இங்கே தெற்கு ஆஸ்திரேலியாவில் செய்கிறார்கள். இடி வாங்கினால் அமுங்கி மறுபடி எழும்பும், துருப்பிடிக்காது, ஊருக்குள் ஓடும் வண்டிக்கு எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். அலுமினியம் இரும்பைவிட நன்றாகவே எடை குறைவு. கடற்கரை ஊரில் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் போகப்போவது ஹெர்மன்ஸ்பர்க்கைத் தாண்டி மெரினி லூப் பக்கமெல்லாம். மண்சாலை வரிவரியாக அலையடித்துக் கிடக்கும். அந்த அதிர்வு நாள்பட அலுமினியத்தின் வெல்டிங்கில் விரிசல் விடும், அதை ஒட்டவைக்கிற கைகாரரும் கருவியும் எல்லா ஊரிலும் கிடைக்காது. இரும்பு வளைந்தால் மாட்டுப் பண்ணைப் பட்டறையில்கூடத் தட்டி நிமிர்த்தி ஒரு வெல்டிங் வைத்துத் தந்துவிடுவார்கள். உங்கள் ஊருக்கு இரும்புதான் சரி.

பாரின் மேலே குழாய் வளைவுகள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். கங்காரு பெரும்பாலும் துள்ளும் நேரத்தில்தான் அடிபடுகிறது. நடுவிலும் இரண்டு பக்கமும் வளைவு இருந்தால் ஹெட்லைட்டும் பானெட்டின் முனையும் தப்பும். ஊர்விட்டு ஊர் இரவில் வரவேண்டிய வேலை உனக்கு இருப்பதால், ஹெட்லைட் தப்புவது பெரிய விஷயம். அதனால் மூன்று வளைவு உள்ளதையே எடு.

ஏட்டி, இப்போதுதான் அண்ணனிடம் நீ பேசவேண்டிய முக்கியமான இடம் வருகிறது. எடை. உன் ப்ராடோ 150க்கு முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைவெளி 2.79 மீட்டர். புல்பார் முன்சக்கரங்களின் அச்சான முன் ஆக்ஸிலுக்கு இன்னும் முன்னால், சுமார் 90 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வை. 70 கிலோ பார் என்றால் முன் ஆக்ஸிலில் ஏறுவது 70 இல்லை, சுமார் 93 கிலோ. நெம்புகோல் கணக்கு, அந்த 23 கிலோ பின்னாலிருந்து தூக்கப்பட்டு முன்னால் வருகிறது. அதோடு 30 கிலோ வின்ச்சையும் வைத்தால் முன்னால் 132. ஆள் ஏறுவதற்கு முன்பே மூக்கு அமுங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது தலை குனியும், முன் டயர் சீக்கிரம் தேயும். வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்கிற மாதிரி முன் ஆக்ஸிலுக்கென்று தனி வரம்பும் உண்டு, அதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. வரம்பைத் தாண்டி ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

வின்ச் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு எடை மட்டும் காரணமில்லை. வின்ச் இழுக்க எதிரில் ஒரு மரம் வேண்டும். செம்மணலில் புதைந்தால் கட்டுவதற்கு எதைத் தேடுவாய்? அங்கே டயர் காற்றை இறக்குவதும் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுப்பதும்தான் வேலை செய்யும். நல்ல காற்றுமானி, கம்ப்ரசர், இரண்டு ஜோடி மீட்புப் பலகை, ஒரு மண்வெட்டி வாங்குங்கள். பின்னாளில் தேவைப்பட்டால் வின்ச் வைக்க இடமுள்ள பாராக எடுத்தால் போதும்; அப்போதும் இரும்பு வடம் வேண்டாம், செயற்கை நூல் கயிறாகப் போடுங்கள். அது எடையும் குறைவு, அறுந்தால் இரும்பு வடம் போல வெறியோடு திரும்பி அடிக்காது.

இழுப்பதைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். வேறு வண்டி உன்னை இழுக்கவேண்டி வந்தால் கயிற்றைப் புல்பாரில் மாட்டவே கூடாது. வண்டியோடு வரும் கட்டுக்கொக்கி, லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டும். இரண்டுமே இழுப்பில் பிய்ந்து பறந்து ஆட்களைக் கொல்லக்கூடும். சேஸியில் நேரே முடுக்குகிற, தாங்கும் எடை பொறித்த இழுவைக் கொக்கி தனியாக விற்கிறது, அதைப் பாரோடு சேர்த்தே மாட்டச் சொல்.

லைட் இரண்டு போதும், ரேடியேட்டர் முகத்தை மறைக்காமல். உங்கள் வெயிலில் எஞ்சினுக்குக் காற்று முக்கியம். வண்டிக்கு வண்டி பேசுகிற யுஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனாவுக்கு இடம் இருக்கட்டும். பல டிரெய்லர் கோத்த நீள லாரியான ரோடு டிரெயின் ஓட்டுகிறவர்கள் 40ஆம் சேனலில் பேசுவார்கள், முன்னால் மாடு நிற்பது அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். உன் வண்டியில் முன்னால் போகிறதைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் ராடார் இருந்தால், அதைப் பாருக்கு ஏற்ப இடம் மாற்றிச் சீர்செய்து தருவது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள். முன் ஸ்பிரிங்கைப் பாரின் எடைக்குத் தக்கதாக மாற்றவேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடு. பக்கவாட்டுக் குழாய் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் மாட்டினாலும் ஒட்டகத்துக்கு எந்தப் பாரும் பதில் சொல்லாது. உங்கள் பக்கம் காட்டு ஒட்டகம் உண்டு, ஐந்நூறு கிலோ, கால் நீளம். பார் காலைத் தட்டும், உடம்பு கண்ணாடி வழியாக மடியில் வந்து விழும். உயரமான மாடும் அப்படித்தான். அதற்கு மருந்து வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு இருக்கிற மோதல் ஆற்றலைப்போல் 130இல் இரண்டரை மடங்குக்கும் மேல். சட்டம் உங்கள் பக்கம் ஸ்டூவர்ட் ஹைவேயில் 130 அனுமதிக்கிறது என்பதற்காக, பொழுது சாய்கிற நேரத்தில் 130இல் போகவேண்டியதில்லை. முடிந்தவரை பொழுது சாய்வதற்குள் ஊர் சேருங்கள். கங்காருவை விரட்டும் என்று விற்கிற விசில்களை நம்பாதே.

எங்கள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் நான் பார்க்கும் கேஸ்களில் மனதை அறுப்பது கங்காருவை இடித்தவர்கள் அல்ல, இடிக்காமலிருக்க ஸ்டீயரிங்கை வெட்டி உருண்டவர்கள். குறுக்கே வந்தால் நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்து. திருப்பாதே. பாரை நம்பவேண்டியது அந்த ஒரு நொடிக்குத்தான். இடித்துவிட்டால், பத்திரமாக ஓரம் கட்ட முடிகிற இடமானால் இறங்கிப் பார். பெண் கங்காருவாக இருந்தால் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். அதைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு, விலங்கு மீட்பவர்களைக் கூப்பிடு. உங்கள் ஊரில் அவர்களுடைய போன் நம்பரை இப்போதே போனில் ஏற்றிவை.

பார் மாட்டியதும் சாமான், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போ. முதலில் முழு வண்டியும், பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில். இரண்டு எடைகளையும் வண்டிப் புத்தகத்தில் உள்ள வரம்போடு வைத்துப் பார். எடைச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன். இன்சூரன்ஸுக்கும் அன்றைக்கே சொல்லிவிடு.

அண்ணனிடம் வின்ச் விஷயத்தை நீ சொல்லத் தயங்கினால் சனிக்கிழமை போன் போட்டுக் கொடு, நானே பேசுகிறேன். ஜனவரியில் ஊரிலிருந்து உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. கருப்பட்டி எப்படியும் கேட்பாய், அதைத் தவிர சொல்லு.

அன்புடன்,
செண்பகம்