108 அழைப்புகளைச் செவிலியர் தரம் பிரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்கள்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: 108 சேவை – அவசரமற்ற அழைப்புகளைச் செவிலியர் தரம் பிரித்தல் – டெல்டா மாவட்டங்களில் முன்னோட்டம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கட்டு மாற்ற வேண்டிய புண்ணுக்கும், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனதற்கும் 108-ஐ அழைப்பவர்கள் உண்டு. கடைமடைப் பகுதியிலிருந்து அப்படி ஒருவரை ஏற்றிக்கொண்டு திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன வண்டி திரும்பி வருவதற்குள் இங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், அடுத்த வண்டி தொலைவிலிருந்துதான் வர வேண்டும். ஆலோசனைக்கு 104 இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் இருப்பவரிடம் வேறு எண்ணுக்குப் பேசச் சொல்வது பயன் தராது.

ஆகவே, அழைப்பை எடுப்பவர் மூச்சு, நினைவு, ரத்தப்போக்கு, நெஞ்சுவலி ஆகிய நான்கையும் முதலில் கேட்கட்டும். ஒன்றில் சந்தேகம் என்றாலும் வண்டி கிளம்ப வேண்டும். மற்ற அழைப்புகளை இணைப்பைத் துண்டிக்காமல் செவிலியருக்கு மாற்ற வேண்டும். அவர் கூடுமானவரை நோயாளியிடமே பேச வேண்டும். மூச்சு வாங்குவது குரலிலேயே தெரிந்துவிடும்.

வாஷிங்டன் நகரில் 2018 முதல் இம்முறை நடப்பில் உள்ளது. அங்குள்ள கேள்விப் பட்டியலை அப்படியே எடுத்தாள முடியாது. அங்கே கட்டுவிரியன் கிடையாது. இரவில் தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்றுதான் அழைப்பு வரும். "ராத்திரி கீழே படுத்தீங்களா? கண் இமை தொங்குதா? எச்சில் முழுங்க முடியுதா?" என்று கேட்டாக வேண்டும். வாந்தி என்று அழைப்பவரிடம் வயலுக்கு மருந்தடித்தாரா என்றும், வியர்வை கொட்டுகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா என்றும் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளி "வாயுத் தொல்லை" என்றால் அதை மாரடைப்பாகவே கருதி வண்டி அனுப்புவது நல்லது. கர்ப்பிணி, கைக்குழந்தை, விஷக்கடி, பூச்சிமருந்து தொடர்பானவை என்று முதலிலேயே தெரியும் அழைப்புகள் செவிலியருக்கு வரவே கூடாது, நேரே வண்டிதான்.

வண்டி தேவையில்லை என்று முடிவானால், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்போது போவது என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் செவிலியர் மீண்டும் அழைக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் வண்டி போகட்டும். நடக்க இயலாதவரின் பெயர் மறுநாள் காலை மக்களைத் தேடி மருத்துவப் பணியாளருக்குப் போக வேண்டும்.

எத்தனை வண்டியை மிச்சப்படுத்தினார் என்று செவிலியரை அளக்கத் தொடங்கினால் திட்டம் கெட்டுவிடும். யாரையும் கேட்காமல் வண்டி அனுப்பும் அதிகாரம் அவருக்கு எழுத்துபூர்வமாக வேண்டும். இவ்விரண்டையும் உறுதிசெய்து, சம்பா பருவம் தொடங்கும் முன் ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்கள்)