தலை ஒப்பரேஷனுக்குப் பிறகு வந்த காய்ச்சலும், நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களும்

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இப்போது தானாகவே கேற்றடிக்குப் போய் மீன்காரரோடு விலை பேசுகிறார். அதற்குக் காரணமான எல்லோரையும் நேரில் வந்து பார்க்க வசதிப்படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவருடைய மூளை உறையில் இருந்த கட்டியைக் கண்டியில் எடுத்தார்கள். தையல் பிரித்து நல்லபடியாக வீடு வந்தபிறகுதான் காய்ச்சல் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டெங்கு என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் தலையணை உறையைத் தொட்டுப் பார்த்தார். காதுக்குப் பின்னால் காயம் இருந்த பக்கம் மட்டும் நனைந்திருந்தது. சீழ் இல்லை, மணம் இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி. “இது வேர்வை இல்லைப் பிள்ளை, காயத்துக்குள்ள இருந்து வருது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஏத்து” என்றார். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிற வழியாலேயே கிருமி உள்ளே போய்விடும் என்று பிறகுதான் டொக்டர் விளக்கினார். மாமி, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸில் வந்த பிள்ளைகளுக்கு நன்றி. திருகோணமலை ஆஸ்பத்திரியில் அன்றிரவு கடமையில் இருந்த டொக்டர், தலை ஒப்பரேஷன் என்று கேட்டதுமே நாடியை நெஞ்சில் முட்டச் சொன்னார். இவரால் கழுத்தை வளைக்கவே முடியவில்லை. மூளை உறையில் கிருமி பிடித்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறியாம். உடனே கண்டிக்குப் போன் எடுத்து, விடியுமுன் அனுப்பிவைத்தார்.

கண்டியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒப்பரேஷன் செய்தாலே அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடுமாம், அதை மட்டும் வைத்துக் கிருமி என்று முடிவெடுக்க முடியாதாம். நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதற்காகக் காத்திராமல் வன்கோமைசின், மெரோபெனம் என்ற இரண்டு கிருமிகொல்லி மருந்துகளையும் தொடங்கிவிட்டார்கள். கசிந்த இடத்தைத் திறந்து கழுவி மறுபடி மூடினார்கள். மருந்து மூளைக்குள் இலேசில் போய்ச் சேராது என்பதால் குளிசையோடு விடாமல், கிழமைக்கணக்கில் நரம்பு வழியாகவே ஏற்றினார்கள்.

வன்கோமைசினை வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும். இவரோ “கெதியா விடுங்கோ மிஸ்” என்று ஒவ்வொரு நாளும் கரைச்சல் கொடுப்பார். அந்தச் சிங்களத் தாதி சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணுவார். இருவருக்கும் மற்றவரின் பாஷை தெரியாது, ஆனால் சண்டை மட்டும் ஒழுங்காக நடந்தது.

ஒப்பரேஷனைப் பிழையாகச் செய்துவிட்டார்கள் என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் சிலருக்கு இது வரும் என்று கையெழுத்து வாங்குமுன்பே எங்களுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள்.

கந்தளாய், ஹபரணை என்று இரவு பகல் பாராமல் எங்களை ஏற்றி இறக்கி, டீசல் காசுக்கு மேல் ஒரு சதமும் வாங்காத கிண்ணியாத் தம்பிக்கும், கண்டியில் முன்னறையைத் தந்த குடும்பத்துக்கும் நன்றி. அக்கா, உங்கள் சுடுதண்ணீர்ப் போத்தல் எங்கள் சாமான்களோடு இங்கே வந்துவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.